பம்ப் ஸ்டவ்வும் ஈர முந்தானையும்

எங்கள் வீட்டுக்குக் காஸ் அடுப்பு வந்த அன்று, சிலிண்டரை மாட்ட வந்த ஆள் சமையலறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எனக்கும் என் மருமகளுக்கும் வகுப்பு எடுத்தார். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முதலில் குச்சியைக் கிழியுங்கள், அப்புறம் திருகைத் திருப்புங்கள், பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் பேசப் போகாதீர்கள், வாடை வந்தால் லைட் ஸ்விட்சைக்கூடத் தொடாதீர்கள். ஆயுசு முழுக்க வகுப்பு எடுத்தே பழகியவளுக்கு உட்கார்ந்து கேட்பது கொஞ்சம் கஷ்டம். அவர் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். "முன்னாடியே கனெக்‌ஷன் இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

பிறகு என்னையே பற்ற வைத்துப் பார்க்கச் சொன்னார். நான் எழுந்துபோய்க் குழாயடியில் முந்தானை நுனியை நனைத்துப் பிழிந்து, இடுப்பில் செருகிக்கொண்டு வந்து குச்சியைக் கையில் எடுத்தேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதெல்லாம் நாங்க சொல்றதில்லையேம்மா, அது எதுக்கு?" என்றார். "அவங்க எப்பவும் அப்படித்தாங்க" என்று மருமகள் எனக்காகப் பதில் சொன்னாள். அவளுக்கும் காரணம் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்குக் கல்யாணமாகி அரியலூருக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் ஆண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நானும் டீச்சர் டிரெயினிங் முடித்தவள். ஊருக்கு மறுகோடியில் இருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கும் வேலை கிடைத்தது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டு வீடு. வீட்டில் நாங்கள் மூன்றே பேர்: அவர், நான், என் மாமியார். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தைக்குச் சொந்த ஊர் ஏலாக்குறிச்சிப் பக்கம். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஜெபங்கள் எல்லாம் மனப்பாடம். முழங்கால் இரண்டிலும் வாதம். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. அதனால் சமையல் முழுக்க என் தலையில்தான்.

அந்தக் காலத்தில் அந்த ஊரில் கல்யாணமான பெண் வேலைக்குப் போவது சாதாரண விஷயமில்லை. எனக்கு அந்த வேலை உயிர். கையில் சாக்பீஸைப் பிடித்துக் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதுதான் நான் நானாக இருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் மணி ஒன்பதுக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். நடக்கவே அரைமணி நேரம் ஆகும். விடிவதற்கு முன்பே எழுந்தாலும் எங்கள் விறகு அடுப்பு என்னை விடாது. மழைக்காலத்தில் விறகு ஈரமாக வரும். ஊதி ஊதிக் கண் சிவந்து, மூக்கு ஒழுகி, அரிசி வேகாமல், குழம்பு கொதிக்காமல், நான் முகத்தைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடுவேன். மூன்று தடவை தாமதமாகிவிட்டது. தலைமை ஆசிரியை நல்லவர்தான், ஆனால் கறாரானவர். "வீட்டையும் பாக்கணும்னா வீட்டுலயே இருந்துடுங்க. இன்னொரு தடவ லேட்டா வந்தா நான் மேல எழுதிடுவேன்" என்று சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனுஷன். இரண்டு நாள் கழித்து, "பெரம்பலூர்ல எனக்குத் தெரிஞ்ச தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருத்தர் மாத்தலாகிப் போறாரு. அவருகிட்ட பம்ப் ஸ்டவ் ஒண்ணு இருக்காம். வெலைக்குக் குடுத்துடுறேங்கிறாரு. போவோமா?" என்றார். சனிக்கிழமை இரண்டு பேருமாகக் கரி பஸ்ஸில் பெரம்பலூர் போனோம். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் பின்னால் ஓர் இரும்புப் பீப்பாயை மாட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகைவாயுவில்தான் பஸ்ஸை ஓட்டினார்கள். அதைக் காஸ் என்றே சொல்வார்கள். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். ஆண்கள் எல்லாம் இறங்கித் தள்ளுவார்கள். திரும்பி வரும்போது அவர் பின்னால் நின்று தள்ள, நான் மடியில் பித்தளை ஸ்டவ்வைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ராணி போல உட்கார்ந்து வந்தேன். என் சம்பளத்தில் வாங்கிய முதல் பொருள் அது.

காஸ் அடுப்பு பார்த்தவர்களுக்கு அந்த ஸ்டவ்வைப் பற்றிச் சொன்னால்தான் புரியும். கீழே மண்ணெண்ணெய் நிறைக்கும் பித்தளை வயிறு. அதற்குப் பக்கவாட்டில் சைக்கிள் பம்பு போல ஒரு பம்பு. மேலே பர்னர். பர்னரைச் சுற்றியுள்ள கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்து முதலில் பர்னரைச் சூடாக்க வேண்டும். அது சூடேறியதும் திருகை மூடிப் பம்பு அடித்தால், எண்ணெய் ஆவியாகி நீல நிறத்தில் சீறிக்கொண்டு எரியும். அவசரப்பட்டுப் பர்னர் சூடாவதற்கு முன் பம்பு அடித்தால், எண்ணெய் எண்ணெயாகவே பீறிட்டு, மஞ்சள் தீ ஆள் உயரத்துக்கு எழும்பும். அப்போது பதறாமல் திருகைத் திறந்து காற்றை விட வேண்டும். ஊதி அணைக்கப் போனால் புருவம் போய்விடும்.

இதையெல்லாம் அவர் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு முழுத் தாளில் ஐந்து விதிகளாக எழுதி, சோற்றுப் பசையால் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டார். முக்கால் வயிற்றுக்கு மேல் எண்ணெய் ஊற்றக் கூடாது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும். கதவைத் திறந்து வைக்க வேண்டும். எரியும்போது பக்கத்தை விட்டு நகரக் கூடாது. பரீட்சைக்குப் படிப்பது போல என்னை ஒப்பிக்கச் சொன்னார். ஒப்பித்தேன். தப்பில்லாமல் ஒப்பித்த பிறகுதான் தீக்குச்சியை என் கையில் கொடுத்தார்.

முதல் தடவை அது சீறியபோது அத்தை சிலுவை போட்டுக்கொண்டார்கள். "இது என்னாடி அடுப்பா, பாம்பா?" என்றார்கள். அதற்குப் பிறகு தினமும் காலையில் ஸ்டவ் எரியும் நேரம் முழுக்கச் சமையலறை வாசற்படியில் ஜெபமாலையோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர முடியாது. ஒரு கண் ஜெபமாலையில், ஒரு கண் ஸ்டவ்வில். "அந்தச் சத்தம் என்னா அப்புடி வருது? கொறையி, கொறையி" என்று நடுநடுவே அருள் நிறைந்த மந்திரத்துக்கு இடையில் எனக்கும் ஒரு வார்த்தை. எனக்கு மூக்குநுனியில் கோபம். இந்தம்மாவுக்கு நான் வேலைக்குப் போவது பிடிக்கவில்லை, அதனால்தான் ஸ்டவ்வைக் கரித்துக்கொட்டுகிறார்கள் என்று எனக்கு நானே தீர்மானம் செய்துகொண்டேன்.

ஆனால் ஸ்டவ் என் மானத்தைக் காப்பாற்றியது. ஏழரை மணிக்குள் சோறு, குழம்பு, ஒரு கீரை. எட்டேகாலுக்கு நான் தலை பின்னிக்கொண்டிருப்பேன். தலைமை ஆசிரியை வருவதற்கு முன்பே பள்ளிக்கூட வாசலில் நின்று ஒரு நாள் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். எண்ணெய்தான் கஷ்டம். மண்ணெண்ணெய் ரேஷன் கார்டுக்குத்தான் கிடைக்கும், அதுவும் அளவாகத்தான். கடைத்தெருவில் ஒரு பாய் கடையில்தான் வாங்குவோம். நேர்மையான மனுஷர் என்று ஊரெல்லாம் பேர். ஸ்டவ்வுக்கு எண்ணெய் வேண்டுமே என்று அத்தை தன் அறையில் விளக்கே ஏற்றுவதில்லை என்று ஆக்கிவிட்டார்கள். "இருட்டுல ஜெபிச்சா மாதாவுக்குக் காது கேக்காதா?" என்பார்கள். அதையும் நான் என்னைக் குத்திக்காட்டுவதாகவே எடுத்துக்கொண்டேன். அந்த வயசில் எனக்குக் குத்து என்று படாதது ஒன்றும் இல்லை.

இரண்டு மாதம் இப்படி ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் காலை நான் அவசரப்பட்டுப் பம்பை அடித்துவிட்டதில் மஞ்சள் தீ ஒரு முழம் எழும்பியது. உடனே திருகைத் திறந்துவிட்டேன், அடங்கிவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வாசற்படியில் உட்கார்ந்திருந்த அத்தையின் முகம் வெளிறிப்போனது. அன்று முழுவதும் அவர்கள் ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஸ்டவ்வுக்கு வியாதி பிடித்தது. நன்றாக எரிந்துகொண்டே இருக்கும். திடீரென்று பொட் பொட் என்று தெறிக்கும், துப்பும், அணைந்துபோகும். திரும்பவும் பர்னரைச் சூடாக்கி, பம்பு அடித்து, ஐந்து நிமிஷம் எரிந்தால் திரும்பவும் அணையும். ஊசியால் பர்னர் ஓட்டையைக் குத்தினேன். அவர் பம்பு வாஷரை மாற்றினார். பர்னரையே கழற்றிக் கழுவினார். இரண்டு நாள் ஒழுங்காக எரியும், எண்ணெய் நிரப்பிய மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். வேகாத சோற்றை அவர் வாய் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். நான் தலையைக்கூடச் சரியாகப் பின்னாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அது அணைந்தது. மணி எட்டு. எனக்குப் பொறுமை இல்லை. பர்னர் சூடாகத்தானே இருக்கிறது என்று திரும்பக் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றாமல் குச்சியைக் கிழித்துப் பம்பை அடித்தேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. அடுத்த கணம் குபீரென்று தீ கூரை ஓடு வரைக்கும் போய் வந்தது. நெற்றி முடி பொசுங்கியது, புருவம் ஒரு பக்கம் போய்விட்டது. சுவரில் ஒட்டியிருந்த விதிகளின் அடிப்பக்கம் கருகியது. கை தானாகப் போய்த் திருகைத் திறந்ததால் பிழைத்தேன். அவர் ஓடி வந்தார். அத்தை எழுந்திருக்க முடியாமல் வாசற்படியிலேயே கைகளை ஊன்றித் தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

மத்தியானம் அவர் சொன்னார், "போதும். ஸ்டவ்வ வித்துடுவோம். நீயும் கொஞ்ச காலம் வூட்டுல இரு. திங்கக்கெழம ராஜினாமா கடுதாசி எழுதிக் குடுத்துடு."

"ஸ்டவ்தானே கெட்டுச்சு, நான் என்ன பண்ணேன்?" என்றேன்.

"நீ பத்திரமா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச்சு இல்லை. அதட்டியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். கண்ணில் தண்ணீரோடு சொன்ன மனுஷனிடம் எப்படிச் சண்டை போடுவது? அத்தை மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது இவர்களுக்குச் சந்தோஷம்தானே என்று நினைத்துக்கொண்டு நான் படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை அவருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். ஸ்டவ் துப்புவது எண்ணெயில் தண்ணீர் இருந்தால்தான் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேரே பாய் கடைக்குப் போய்விட்டார். ஆயுசில் யாரையும் அதட்டாத மனுஷன், கடைத்தெருவில் நாலு பேருக்கு முன்னால், "என் சம்சாரம் நேத்து செத்திருப்பா. எண்ணெயில தண்ணிய கலக்குறீங்களே, இது நியாயமா?" என்று கேட்டுவிட்டார். பாய் பதிலுக்குக் கத்தவில்லை. "வாத்தியாரே, நாளைக்கி உங்க வூட்டுக்கு வரேன்" என்று மட்டும் சொன்னாராம்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசை முடிந்து வந்த சற்று நேரத்தில், பாய் வந்தார். வெள்ளைத் தாடி, தோளில் துண்டு. கையில் எண்ணெய் நிரப்பிய ஒரு கண்ணாடிப் பாட்டில், இன்னொரு காலிப் பாட்டில். "வாங்க பாய்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இது என் டின்னுல இருந்து இப்ப புடிச்சது. பாத்துக்குங்க. தண்ணி இருந்தா அடியில நிக்கும்" என்று முதல் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. "டீச்சரம்மா, இப்ப உங்க ஸ்டவ்வ கொண்டாங்க."

கொண்டுவந்தேன். பாய் மூடியைத் திறந்து, புனலை வைத்து, ஸ்டவ்வின் வயிற்றில் இருந்ததைக் காலிப் பாட்டிலில் கவிழ்த்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தோம். பாட்டிலின் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் தனியாக நின்றது. எண்ணெய் அதன்மேல் மிதந்தது. தண்ணீர் அடியில் தங்கும், ஸ்டவ் அடியிலிருந்துதான் எண்ணெயை உறிஞ்சும் என்று பாய் விளக்கினார். "எங்கிட்ட வாங்குனப்ப இல்லாதது இங்க வந்து எப்புடி சேந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. என் ஈமானுக்காக, என் நாணயத்துக்காக வந்தேன். வேற ஒண்ணுமில்ல" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். வீட்டில் இருப்பது மூன்றே பேர். என் வாய் சும்மா இருக்கவில்லை. "நான் வேலைக்குப் போறது புடிக்கலன்னா நேரா சொல்லியிருக்கலாமே அத்தை. இப்புடியா பண்ணணும்?" என்றேன். வெளி ஆள் ஒருவரை வைத்துக்கொண்டு, ஒரு வயசான மனுஷியை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். மாதா சுரூபம் இருந்த மாடத்துக்குப் போய், பின்னால் கையை விட்டு, ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஏலாக்குறிச்சி மாதா கோயில் தீர்த்தம். திருநாளுக்குப் போய் வந்தவர்களிடம் சொல்லி வாங்கி வைத்திருந்தது. பாதிக்குமேல் காலி.

"நாந்தான் ஊத்தனேன்" என்றார்கள். "நீ எண்ணெ ஊத்தி வச்சுட்டு அந்தாண்ட போனதும், ஒவ்வொரு தடவையும் ஒரு மூடி. உள்ள தீர்த்தம் இருந்தா நெருப்பு அடங்கி எரியும்னு நெனச்சேன். கெடுக்கணும்னு ஊத்தல."

அத்தை மகனைப் பார்த்துத் திரும்பினார்கள். "எந் தங்கச்சி நெல்லு அவிக்கயில முந்தானையில நெருப்புப் புடிச்சுதான் செத்தா. நான் பக்கத்துல நின்னேன். பதினேழு வயசு. எனக்கு ஒண்ணும் செய்யத் தெரியல, கத்திக்கிட்டே நின்னேன். அன்னைக்கி இவ மேல தீ எழும்புனப்ப எனக்கு அவதான் தெரிஞ்சா." மூச்சு வாங்கியது. "தப்பு எம்மேலதான். ஸ்டவ்வு மேல இல்ல. அவள வேலைய வுடச் சொல்லாத. கடுதாசியும் எழுத வேணாம். காலையில அவ பையத் தூக்கிக்கிட்டுப் போறப்ப நான் வாசல்ல நின்னு தெருவு திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டு நிக்கிறேன். எங்க சனத்துலயே இப்புடி ஒருத்தி போயி நான் பாத்ததில்ல. அத நிறுத்திப்புடாத."

ஒரு வருஷமாக அந்தத் தெருவில் நடந்திருக்கிறேன். ஒரு நாள்கூட நான் திரும்பிப் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அத்தைதான் என்று யாரும் நிரூபித்திருக்க முடியாது. பழி என் அவசரத்தின் மேல் போயிருக்கும், வேலையும் போயிருக்கும். என் வேலைக்காக அவர்கள் தன்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டார்கள், நான் அவ்வளவு பேசிய பிறகும். எனக்கு அவர்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் மாமியாரைக் கட்டிக்கொள்ளும் பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அதனால் அழுதேன்.

பாய்தான் பேச்சை ஆரம்பித்தார். "அம்மா, எங்க வூட்டுலயும் ஓதி ஊதுன தண்ணி இருக்கு. ஒடம்புக்கு நோவுன்னா குடிக்கிறோம். புள்ளைங்க மேல தெளிக்கிறோம். ஸ்டவ்வுக்குக் குடுக்குறதில்ல. அது ஹராமான சாமான், அதுக்கு எண்ணெதான் எறங்கும்" என்றார். அத்தை முதலில் முறைத்தார்கள். பிறகு அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் பாயிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். "விடுங்க வாத்தியாரே, நாளைக்கி கடைக்கி வந்து அந்த நாலு பேருக்கு முன்னாடி ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க, போதும்" என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் பாய் போனார்.

ஸ்டவ்வைக் கழுவி வெயிலில் கவிழ்த்துக் காய வைத்தோம். பாய் விட்டுப் போன பாட்டில் எண்ணெயை ஊற்றினோம். அவர் கருகிப்போன தாளைக் கிழித்துவிட்டு விதிகளைப் புதிதாக எழுதினார். இந்தத் தடவை ஆறு விதி. ஆறாவது: 'எண்ணெயைத் தவிர வேறு எதையும், எவ்வளவு புனிதமானதாக இருந்தாலும், உள்ளே ஊற்றக் கூடாது.' வரி ஒன்று கூடியிருப்பதை அத்தை எண்ணிக் கண்டுபிடித்துவிட்டார்கள். "அது என்னா புதுசா?" என்று என்னைக் கேட்டார்கள். "மாமியார் பேச்சைக் கேட்டு நடக்க வேண்டும்னு எழுதியிருக்காங்க அத்தை" என்றேன். அவருக்குப் புரை ஏறியது. "எம்புள்ளைக்குப் புத்தி வந்துடுச்சே" என்றார்கள் அத்தை.

ஆனால் தீர்த்தத்தை என்ன செய்வது? உள்ளே ஊற்றக் கூடாது என்றால் எங்கே ஊற்றுவது என்று அத்தைக்கு ஒரே கவலை. ஸ்டவ்வின் மேல் தெளித்தால் சூட்டில் பர்னர் விரிசல் விடும் என்று அவர் தடுத்துவிட்டார். திங்கட்கிழமை காலை நான் முந்தானையைச் செருகிக்கொண்டு குச்சியை எடுத்தபோது, "இரு" என்றார்கள். வாசற்படியில் இருந்தபடியே என்னைப் பக்கத்தில் வரச் சொல்லி, செருகிய முந்தானையை உருவி, நுனியில் தீர்த்தத்தை ஊற்றி, கசக்கி, நன்றாக ஈரமாக்கி, மறுபடியும் தன் கையாலேயே என் இடுப்பில் செருகிவிட்டார்கள். "இப்ப கொளுத்து" என்றார்கள். அவர் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது எனக்குத் தோணாமப் போச்சே. ஈரத்துணியில தீ புடிக்காது" என்றார். "உனக்கு எங்க தோணும்" என்றார்கள்.

அன்று காலை சோறு நன்றாக வெந்தது. எட்டேகாலுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பாதிப் புருவத்தோடு வகுப்புக்குப் போக வெட்கமாகத்தான் இருந்தது. தெரு திரும்பும் இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். அத்தை வாசலில் நின்றார்கள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், ஏதோ கோழியை விரட்ட வந்தவர்கள் போலக் கையை வீசிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் கோழியே கிடையாது.

அதற்குப் பிறகு தினமும் இதே வழக்கமாகிவிட்டது. காலையில் முந்தானை நனையும். தெரு முனையில் நான் திரும்பிப் பார்ப்பேன். அத்தை இல்லாத கோழியை விரட்டுவார்கள். தீர்த்தம் தீர்ந்துபோகும் போல இருந்தால் கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார்கள். "தீர்த்தத்துல சேந்தா அதுவும் தீர்த்தந்தான்" என்பார்கள். பாய் கேட்டால் சிரிப்பாரே என்பேன். அந்த ஸ்டவ்வினால் அப்புறம் எனக்கு ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. விதியினாலா, ஈரத்தினாலா, தீர்த்தத்தினாலா என்று அம்மாவும் மகனும் அடிக்கடி வாதாடுவார்கள். நான் இரண்டு பக்கமும் தலையாட்டுவேன்.

பிற்காலத்தில், ஸ்டவ் வெடித்து மருமகள் சாவு என்று பேப்பரில் அடிக்கடி செய்தி வந்தது. அந்தச் செய்திகளுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிடுவேன். ஸ்டவ் என்றால் எனக்கு ஞாபகம் வரும் மாமியாரே வேறு.

அத்தை போனது சுதந்திரம் வந்ததற்கு அடுத்த மழைக்காலத்தில். காய்ச்சல் என்று படுத்தார்கள், எழுந்திருக்கவில்லை. படுக்கையில் இருந்த நாட்களிலும் காலையில் என்னைக் கட்டில் பக்கத்தில் வரச் சொல்லி முந்தானையை நனைத்துவிடுவார்கள். கை நடுங்கிப் பாதி போர்வையில் கொட்டும். கடைசி நாளும் நனைத்தார்கள்.

எல்லாம் முடிந்து, உறவு சனமெல்லாம் ஊருக்குப் போன பிறகு, ஒரு திங்கட்கிழமை நான் மறுபடியும் பள்ளிக்கூடம் போக வேண்டி வந்தது. விடியற்காலையில் சமையலறைக்குப் போனேன். வாசற்படி வெறுமையாக இருந்தது. மாடத்திலிருந்து பாட்டிலை நானே எடுத்தேன். முந்தானையை நானே நனைத்து, நானே செருகிக்கொண்டேன். ஸ்டவ்வைப் பற்ற வைத்தேன், சமைத்தேன், அவருக்குப் பரிமாறினேன். இவ்வளவு திடமாக இருக்கிறோமே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் முன்னாலேயே கிளம்பிவிட்டார். நான் கதவைப் பூட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

தெரு முனைக்கு வந்ததும் பழக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். வாசலில் நான் போட்ட பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேனோ, அந்தப் பழைய மூன்று தடவைக்குப் பிறகு அன்றுதான் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனேன். தலைமை ஆசிரியை என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.